புகை நின்றால் கூப்பிடு

எங்கள் புது வீட்டின் பட்ஜெட் சமையலறைச் சுவரில் இருந்தது. பூச்சு முடிந்து, பட்டி பார்க்காமல் கிடந்த சுவர். ஆசாரி மறந்து விட்டுப்போன தட்டைப் பென்சிலை எடுத்து, டீ கொதிக்கிற நேரத்தில் ‘ஹால் லைட் ஆறு’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. டீ பொங்கி அடுப்பில் வழிந்தபோது நான் ‘கர்ட்டன் மோட்டார் நாலு’ வரைக்கும் வந்திருந்தேன்.

கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை எனக்கு. வீடு வில்பட்டியில். தினமும் காலையில் பஸ் பிடித்து டவுனுக்குப் போய், வருகிற கெஸ்டுகளுக்கு அறையைத் திறந்து காட்டுவேன். கார்டைச் சொருகினால் விளக்கெல்லாம் எரியும். படுக்கையில் படுத்தபடியே ஒரு பொத்தானை அமுக்கினால் திரைச்சீலை தானாக விலகும், ஏரி தெரியும். எத்தனை பேருக்கு விளக்கிச் சொல்லியிருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அப்போது இருந்த பழைய வீட்டில் ஒரு குண்டு பல்பு, அதற்கு சுவிட்சு கதவுக்குப் பின்னால். இருட்டில் தடவித் தடவி என் கைக்குப் பழகிப்போன சுவிட்சு. வீடு என்று ஒன்று கட்டினால் சுவிட்சையே தேடக் கூடாது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

வீடு கட்டி முடித்தபோது என் சீட்டு விழுந்தது. ஒன்றரை லட்சம். “இது என் பணம். இதுல செங்கல், சிமென்ட் பேச்சு வரக் கூடாது” என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அவர் பூண்டு விவசாயி. பணத்தைப் பார்த்தால் உரமும் விதையும்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் வாயைக் கட்டிப்போட்டேன்.

நான் பிறந்தது பழனியில். அடிவாரத்தில் எங்களுக்குப் பஞ்சாமிர்தக் கடை. கடையை இப்போது அண்ணன் பார்த்துக்கொள்கிறார். அண்ணனும் சமீபத்தில்தான் வீடு கட்டி, லைட்டு, கதவு, தண்ணி மோட்டார் எல்லாவற்றையும் போனில் அமுக்குகிற மாதிரி வைத்திருந்தார். அவரிடம் பட்டியலைக் கேட்டு வாங்கி, வந்த வேகத்தில் சுவரில் வரி விடாமல் எழுதிவிட்டேன். சந்தோஷத்தில் எழுதியது. படித்துப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் காட்டிலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு, சுவர் முன்னால் நின்று வாசித்தார். காட்டு வேலை முடித்து வந்தவர் அவ்வளவு நேரம் எதையும் நின்று வாசித்து நான் பார்த்ததில்லை.

“ஹால்ல ரெண்டு, ரூமுக்கு ஒண்ணுன்னு நாலு பேன் போட்டிருக்கியே. யாருக்கு?”

“நமக்குத்தான். வேற யாருக்கு?”

“மார்கழில ரெண்டு கம்பளிக்குள்ள கெடந்து நடுங்குறோம். அப்ப பேனையும் போட்டுக்கிடுவமா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமாகி மலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் எந்த வீட்டிலும் பேன் ஓடி நான் பார்த்ததில்லை. ஹோட்டலில்கூடக் கிடையாது. பழனி வெயிலுக்குப் போட்ட பட்டியலை அப்படியே வில்பட்டிப் பனிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் அவர் முந்திக்கொண்டு சிரித்ததால் என் சிரிப்பு கோபமாகிவிட்டது. “எழுதுனதை அழிச்சாப் போச்சு. அதுக்கு என்ன இப்ப?” என்று பென்சிலால் பேனுக்குக் குறுக்கே கோடு போட்டேன். கோட்டை அழுத்திப் போட்டதில் பூச்சு பெயர்ந்தது.

அவர் சும்மா இருந்தாரா? தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் எதிர்வீட்டு அக்கா பஸ் ஸ்டாப்பில் எல்லார் முன்னாலும் கேட்டாள், “ஏத்தா, பேன் மாட்டியாச்சா? எங்க வீட்டுக்கும் கொஞ்சம் காத்து அனுப்பு.”

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் எங்கள் வீட்டில் தீராத ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. வழக்குப் போட்டவள் என் மகள். ஐந்து வயது.

அவளுக்கு ஒரு வயதில் பழனியில் முதல் மொட்டை போட்டோம். அவள் அப்பா வரவில்லை. அந்தப் படம் பிரேம் போட்டு வீட்டில் இருக்கிறது. அண்ணன் இருக்கிறார், நான் இருக்கிறேன், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவள் இருக்கிறாள். ஒரு நாள் படத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, “இதுல அப்பா எங்க?” என்று கேட்டாள்.

“அப்பா பூண்டுக்குப் புகை போட்டுக்கிட்டு இருந்தாரு.”

அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்ப அடுத்த மொட்டைக்கு நானும் வரலை. நானும் அப்பா கூடப் புகை போடுறேன்” என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். ஆனால் அண்ணன் போன் பண்ணி, பங்குனி உத்திரக் கூட்டம் வடிந்ததும் இரண்டாவது மொட்டையும் காதுகுத்தும் சேர்த்து வைத்துவிடலாம், தோடு செய்யக் கொடுத்தாயிற்று என்று சொன்ன அன்றைக்கு, இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வந்தால்தான் மொட்டை. அப்பா வந்தால்தான் காது. கெஞ்சினேன், மிரட்டினேன், தோடு படத்தைப் போனில் காட்டினேன். பிடிவாதத்தில் என்னை உரித்து வைத்திருக்கிறாள், என்ன செய்ய.

அவர் வராததற்குக் காரணம் இருந்தது. மாசி, பங்குனியில் பூண்டு பிடுங்கி, தாளோடு கற்றை கற்றையாகக் கட்டி, மச்சில் கம்பு போட்டுத் தொங்கவிட்டு, கீழே கட்டையைப் புகையவிட வேண்டும். விதைப்பூண்டு அது. அடுத்த நடவு முழுக்க அந்த மச்சில்தான் தொங்குகிறது. புகை நின்றால் மூடுபனியின் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்துவிடும். நெருப்பு கூடினால் வெந்து, விதை முளைக்காது. ஒரு வருஷம் சொந்தத்தில் ஒரு சாவு என்று துஷ்டி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டார். திரும்பி வந்தபோது பாதி விதை பூஞ்சை பூத்துக் கிடந்தது. அந்த வருஷம் ஊரெல்லாம் கேட்டு விலைக்கு விதை வாங்கி நட்டோம். அதிலிருந்து புகை போடுகிற காலத்தில் ஒரு ராத்திரி வெளியில் தங்க மாட்டார். யாரையும் நம்பி விடவும் மாட்டார். என்னையும்தான். புது வீட்டிலும் சமையலறைக்குப் பின்னால் மச்சு வைத்த புகை அறை ஒன்றைத்தான் முதலில் கட்டினார், ஹால் அப்புறம்தான்.

அண்ணன் அவரிடமே போனில் கேட்டுவிட்டார். “மாப்ள, இந்தத் தடவையும் நீங்க வரலைன்னா ஊருக்கு நான் என்னங்க பதில் சொல்றது?”

“நான் என்ன வேணும்னா வராம இருக்கேன்?” என்றார் இவர். போனை வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து மகளைப் பார்த்தார். எழுந்து புகை அறைக்குப் போய்விட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இந்த நிலைமையில்தான் இதையெல்லாம் மாட்டித் தருகிற ஆட்டோமேஷன் கம்பெனித் தம்பி திண்டுக்கல்லிலிருந்து வந்து சேர்ந்தான். கையில் டேப்லெட்டு, காலில் வெள்ளை ஷூ. வாசலில் இருந்த சேற்றைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான். நான் சுவரைக் காட்டினேன். “அக்கா, சூப்பரா பிளான் பண்ணியிருக்கீங்க” என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வயர்க் குழாயெல்லாம் பதித்துப் பூசின பிறகு ஆசைப்பட்டிருக்கிறோமே, இடிக்க வேண்டுமா என்று பயந்துகொண்டிருந்தேன். எல்லாம் வயர் இல்லாமலேயே வைபையில் ஓடும் என்றான். அந்த ஒரு வார்த்தைக்கே அவனுக்கு இரண்டாவது டீ கொடுத்தேன்.

அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். இங்கே நுழைந்ததும் லைட் எரியணும். இங்கே கீசர் காலையில் தானாகப் போடணும், நான் எழுந்திருக்கும்போது வெந்நீர் இருக்கணும். வாசலில் கேமரா வேணும், காட்டுமாடு வந்து நிற்பது தெரியாமல் வெள்ளனே கதவைத் திறந்து மூச்சு நின்றுபோன அனுபவம் எனக்கு உண்டு. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டி எண்களைத் தட்டிக்கொண்டே வந்தான்.

“கெளம்புறப்ப ஒரே பட்டன்தான்க்கா. அமுக்குனா மொத்த வீடும் அணைஞ்சிரும்.”

அதுவரைக்கும் பேசாமல் கூட வந்த வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். “மொத்த வீடும்னா? புகையுமா?”

“எந்தப் புகை சார்?”

புகை அறையைத் திறந்து காட்டினோம். முதல் கற்றைகள் அப்போதுதான் மச்சில் ஏறியிருந்தன. உள்ளே தலையை விட்டவன் இருமிக்கொண்டே வெளியே வந்தான். கண்ணைத் துடைத்துவிட்டு, “சார், இங்க கண்டிப்பா ஒரு ஸ்மோக் அலாரம் வைக்கணும்” என்றான். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். ஆனால் தம்பி சொன்னதிலும் நியாயம் இருந்தது. புது வீடு, உள்ளேயே நெருப்பு, மேலே மரக் கம்பு. புகை அறைக்குள் வேண்டாம், சமையலறையில் ஒன்று இருக்கட்டும் என்று பேசி முடித்தோம்.

மொத்தக் கணக்கு நாலு லட்சத்தைத் தாண்டியது. என்னிடம் இருந்தது ஒன்றரை. தம்பி போன பிறகு சுவர் முன்னால் பென்சிலோடு நின்றேன். பேன் ஏற்கெனவே போயிற்று. ஏசி போயிற்று, எழுதியதற்கே வெட்கம். நிறம் மாறுகிற விளக்கு போயிற்று. சொன்னால் பாட்டுப் போடுகிற பெட்டி போயிற்று, என் வீட்டில் கத்திப் பேச நானே போதும். கர்ட்டன் மோட்டாரில் மட்டும் கை வரவில்லை. நாலை ஒன்றாக்கி, அந்த ஒன்றை ஹால் ஜன்னலுக்கு வைத்துக்கொண்டேன். அந்த ஜன்னலில் ஏரி தெரியாது, எதிர்வீட்டு அக்காவின் முட்டைக்கோஸ் தோட்டம்தான் தெரியும். இருந்தாலும் பொத்தான் பொத்தான்தானே.

மாட்டுகிற நாளன்று ஹோட்டலில் லீவு போட்டேன். தம்பி ஏணியோடு வந்தான். வாசல் கேமரா மாட்டியாயிற்று, கீசர் மாட்டியாயிற்று. மகள் ஒவ்வொரு அறையாக ஓடி ஓடிப் போய் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் கைதட்டினாள். நானும் அவள் பின்னாலேயே ஓடினேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கடைசியாகச் சமையலறைக் கூரையில் அந்த வெள்ளை வட்டத்தைப் பொருத்தி, பேட்டரியைப் போட்டான்.

அடுத்த நிமிஷமே அது அலறியது. அப்படி ஒரு சத்தத்தை வில்பட்டி கேட்டிருக்காது. புகை அறைக் கதவு இடுக்கில் கசிகிற புகையே அதற்குப் போதுமானதாக இருந்தது. எதிர்வீட்டு அக்கா ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வந்தாள், அவள் பின்னால் தெருவே வந்தது. நாய்கள் ஒரு பக்கம். வீட்டுக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஈரச் சாக்கைக் கொண்டு அதன் வாயைப் பொத்தினார். அது சாக்குக்குள்ளிருந்தும் கத்தியது.

பேட்டரியைக் கழற்றி, வந்தவர்களை அனுப்பிய பிறகு அவர் ஆரம்பித்தார். “பூண்டு வீட்டுல புகைக்குக் கத்துற மிஷினு. இதுக்குத்தான் சீட்டுப் போட்டியா?”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. “அது அதோட சோலியை ஒழுங்காப் பாக்குதுங்க. உங்களுக்குத்தான் ஊர் உலகத்துல இல்லாத சோலி. எல்லாருக்கும் புகை வந்தாப் பயம், உங்களுக்குப் புகை நின்னாத்தான் பயம். பெத்த பிள்ளைக்குக் காது குத்தக்கூட வரமாட்டீங்க. போங்க, போயி புகை நின்னாக் கத்துற மிஷின் எங்கயாவது விக்குதான்னு பாருங்க.”

சொல்லி முடித்து மூச்சு வாங்கினேன். அவர் சாக்கைக் கையில் பிடித்தபடி ஸ்டூல் மேலேயே நின்றார். எனக்கும் நான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏணியில் இருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தோம்.

“முடியும்க்கா” என்றான் அவன். “அலாரமா இல்ல. காத்துல எவ்வளவு தூசி, புகைன்னு நம்பர் காட்டுற சென்சார் இருக்கு. டெல்லில எல்லாம் வீட்டுல வைப்பாங்க, கூடுனா சொல்றதுக்கு. நம்ம அதைக் குறைஞ்சா சொல்ற மாதிரி திருப்பி வச்சுக்கலாம்.”

அன்றைக்கு மத்தியானம் சோறு ஆறிப்போனது கூடத் தெரியாமல் மூன்று பேரும் சுவர் முன்னால் நின்றோம். புகைக்கு ஒரு சென்சார். சூடும் ஈரமும் பார்க்க இன்னொன்று. கனல் தெரிகிற மாதிரி ஒரு கேமரா. கரண்ட் போனால் எல்லாம் படுத்துவிடும், எங்கள் ஊரில் காற்றடித்து ஒரு கிளை விழுந்தால் கரண்ட் போகும், அதனால் பேட்டரி. இதுவரைக்கும் சரி, புகை நின்றது தெரிந்து என்ன பிரயோஜனம், பழனியிலிருந்து ஊத முடியுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். ஊதலாம் என்றேன் நான். டீக்கடையில் கரி அடுப்புக்கு வைப்பார்களே, சின்ன பேன், அதைப் போனில் அமுக்கினால் ஓடுகிற பிளக்கில் சொருகிவிட்டால் சாம்பலுக்குள் இருக்கிற கனல் எழுந்துகொள்ளாதா?

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. “கட்டை கெட்டிக் கட்டையா இருந்தா ஒரு நாள் தாங்கும். ஊதுனாப் போதும்” என்றார். பிறகு பென்சிலை எடுத்து, அவர் கையாலேயே சுவரில் எழுதினார். ‘பேன் ஒண்ணு.’

பணம் இடித்தது. கர்ட்டன் மோட்டாரைப் பார்த்தேன். ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கையால் இழுத்தால் கர்ட்டன் வராதா, எனக்குக் கை இல்லையா என்று சொல்லிக்கொண்டே கோடு போட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று வயிற்றுக்குள் குதித்துக்கொண்டிருந்ததால் வருத்தம் நிற்க இடம் இல்லை.

சாமான் வந்ததும் அடுத்த வேலை எண் வைப்பது. எந்த எண்ணுக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்று தம்பி கேட்டான். வீட்டுக்காரருக்குப் புகை தெரியும், எண் தெரியாது. எனக்கு எண் தெரியும், புகை தெரியாது. அவர் உள்ளே நின்று “இப்பச் சரி”, “இப்பக் கம்மி”, “இப்ப ஜாஸ்தி, வேகுது” என்று கத்த, நான் வெளியே போனைப் பார்த்து அந்தந்த எண்ணைச் சுவரில் எழுதினேன். கடைசியில் இரண்டு கோடு போட்டோம். மேல் கோடு, கீழ் கோடு. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் நல்ல புகை.

நான் ரிசப்ஷனில் இருந்தபடி முதல் தடவை பேனைப் போட்டுப் பார்த்த நாளை மறக்க முடியாது. அவர் புகை அறையில் போனோடு நின்றார். நான் இங்கே அமுக்கினேன்.

“வருதா?”

“வருது, வருது. செவக்குது பாரு.”

எதிரே பெட்டியோடு ஒரு கெஸ்ட் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஏதாவது பிரச்சினையா என்று இங்கிலீஷில் கேட்டார். “நோ சார், ஃபயர் ஓகே” என்றேன். அவர் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. அவரைச் சமாதானப்படுத்த மேனேஜர் வர வேண்டியதாகிவிட்டது.

மிஷின் தயார். வீட்டுக்காரர் தயாராக வேண்டாமா? முதலில் காட்டின் அடிக்கோடி வரைக்கும் போய், போனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்து கொடைக்கானல் மார்க்கெட். போனில் எண் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் வந்ததும் நேராகப் புகை அறைக்குப் போய்க் கண்ணால் பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றினார். பிறகு பெருமாள்மலை. அங்கே ஒரு காபி குடித்ததாகப் பெருமையாகச் சொன்னார். ஒரு நாள் பழனி ரோட்டில் வடகவுஞ்சி வரைக்கும் போனவர் அரக்கப்பரக்கத் திரும்பி வந்தார்.

“வளைவுல சிக்னல் போச்சு.”

“பத்து நிமிஷம் சிக்னல் போனா விதை செத்துருமாங்க?” என்று கத்தினேன். எதிர்வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்து வைப்பதாக ஏற்பாடு. அவளிடம் இருப்பது பட்டன் போன். நாம் பார்த்துக் கூப்பிட்டுச் சொன்னால், போய் ஒரு கட்டை வைப்பாள். அதற்கும் அரை மனசாகத்தான் தலையாட்டினார். மகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, “அப்பா இன்னைக்கு எது வரைக்கும் போனீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த நாளும் வந்தது. வெள்ளனே முதல் பஸ். வெரசாக் கிளம்புங்க என்று நான் விரட்ட, அவர் கட்டையை மாற்றி, சாம்பல் மூடி, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, திரும்பவும் திறந்து பார்த்துவிட்டு வந்தார். வழியெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் போன்தான். சிக்னல் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார், வரும்போது விடுவார். பாலசமுத்திரம் தாண்டி வெக்கை முகத்தில் அடித்த பிறகுதான் சட்டைப் பையில் போனை வைத்தார். அண்ணன் வீட்டு ஹாலில் உட்கார்ந்ததும் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். “இங்க பேன் வேணும்தான்” என்றார், சிரிக்காமல்.

முடிக்கொட்டகையில் மகள் அசையாமல் தலையைக் கொடுத்தாள். கண் மட்டும் அப்பா மேல் இருந்தது. மண்டபத்தில் அண்ணன் மடியில் உட்கார்ந்து, அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு காது குத்திக்கொண்டாள். முதல் காதுக்கு ஊரே திரும்பிப் பார்க்க அழுதாள். இரண்டாவது காதுக்கு அவர் கண்ணும் கலங்கியது. அண்ணன் தலையை நிமிர்த்தி எல்லாரையும் பார்த்துக்கொண்டார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

இனி மலையேறிச் சாமி கும்பிட வேண்டியதுதான் பாக்கி. கடையிலிருந்து கிளம்பும்போது அண்ணன் சாதாரணமாகச் சொன்னார், “மாப்ள, போனைக் கடையில குடுத்துருங்க. மேல போன் விடமாட்டாங்க.”

எனக்குத் திக்கென்றது. பழனிக்காரி நான். கோயிலில் போனுக்குத் தடை வந்து எவ்வளவோ நாளாகிறது, கடை வாசலிலேயே எத்தனை பக்தர்கள் புலம்பிக் கேட்டிருக்கிறேன். வயர், பேட்டரி, வளைவு, சிக்னல், எதிர்வீட்டு அக்கா எல்லாம் யோசித்தவள் இதை மறந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் முகம் மாறியது. அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே என்றார் அண்ணன். அது நடக்காது என்று எனக்குத் தெரியும். “நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் இங்கயே கெடக்கேன்” என்றார் இவர்.

“அப்ப நானும் வரலை” என்று மகள் மொட்டைத் தலையோடு கடைப் படியில் உட்கார்ந்தாள்.

எனக்கு ஒரு கணம் எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது, முக்கியமாக என் மேல். கையை நீட்டினேன். “குடுங்க போனை. நீங்க ஏறுங்க.”

“நீ சாமி கும்பிட வேணாமா?”

“நான் பொறந்ததுல இருந்து ஏறுன மலை. சாமி கோவிச்சுக்கிடாது.”

அவர் போனை விடவில்லை. “எந்த நம்பருக்குக் கீழ வந்தா…”

“சுவத்துல எழுதுனதே நான்தான். எனக்கே சொல்லிக் குடுக்குறீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், படியில் இருந்த மகளைப் பார்த்தார். பிறகு போனை என் கையில் வைத்து, என் விரல்களை அதன் மேல் மூடிவிட்டார். மகள் துள்ளி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கூட்டத்துக்குள் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை.

கடையில் பஞ்சாமிர்த டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். எண் இறங்கத் தொடங்கியது. கேமராவில் கனல் சாம்பலுக்குள் மங்கியிருந்தது. கீழ் கோட்டைத் தொட்டதும் போன் கத்தியது. பேன் பொத்தானை அமுக்கினேன். சின்ன பேன் சுற்றுவது கேமராவில் தெரிந்தது, சாம்பல் பறந்தது, எண் அசையவில்லை. “அரைக்கிலோ டப்பா எவ்வளவும்மா?” என்று ஒருவர் கேட்டார். “இருங்க, புகை ஏறட்டும்” என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, நின்றார்.

முதலில் ஓரத்தில் சிவந்தது. பிறகு கட்டை முழுக்கச் சிவந்தது. எண் மெதுவாக ஏறி, கீழ் கோட்டைத் தாண்டி, நடுவில் வந்து நின்றது. மேலே தொங்குகிற கற்றைகளை மறைத்துக்கொண்டு புகை எழும்பியது. பேனை நிறுத்தினேன். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அரைக்கிலோ கேட்டவருக்கு ஒரு கிலோ டப்பாவை எடுத்துக் கொடுத்து அரைக்கிலோவுக்குக் காசு வாங்கிவிட்டேன் என்று அண்ணி பிறகு கணக்குச் சொன்னாள்.

அவர் வந்ததும் சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன். எந்த எண்ணில் கத்தியது, எத்தனை நேரம் ஊதினேன், இப்போது எவ்வளவு. போனை அவர் கண்ணில் படுகிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

நெற்றி நிறைய விபூதியும் வேர்வையுமாக வந்தார். மகள் அவர் தோளில் இருந்தாள். “அம்மா, பாதிப் படி நானே ஏறுனேன்” என்றாள். அவர் அவளை இறக்கிவிட்டு, மூச்சு வாங்க, “மேல இருந்து பாத்தா நம்ம மலை தெரியுது, தெரியுமா?” என்றார். பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். “அப்படியாங்க” என்றேன். இவள் முருகனிடம் தோட்டைக் காட்டினாள் என்றார். இறங்கும்போது குரங்கு ஒருத்தியின் பூவைப் பிடுங்கியதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். தண்ணீர் கேட்டார். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார். கடையில் கூட்டம் எப்படி என்று கேட்டார். நான் காத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு அண்ணன் வீட்டு ஹாலில் பேனுக்கு நேர் கீழே பாயைப் போட்டுப் படுத்தார். மகள் அவர் வயிற்றில் மொட்டைத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் தூங்கிப்போனார்கள். புகையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, போனின் சத்தத்தைக் குறைத்து, மடியில் வைத்துக்கொண்டேன்.